மைசூர் சீமையிலே குடித்தவர்கள்

எனக்குக் கல்யாணமாகி ஓசூருக்கு வந்தபோது இந்தப் பக்கமெல்லாம் மதுவிலக்கு. அத்திப்பள்ளியிலிருந்தே மைசூர் ராஜ்யம். அங்கே கடை உண்டு. அதனால் எங்கள் ஊர் ஆண்களில் பலருக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் அடிக்கடி ஏதாவது வேலை வந்துவிடும். ஒருவர் பட்டுக்கூடு விலை விசாரிக்கப் போவார், இன்னொருவர் கறவை மாடு பார்க்கப் போவார். என் கணவர் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போவார். அவர் ஒரு பஸ் கம்பெனியின் ஷெட்டில் மெக்கானிக். சின்ன போல்ட்டாக இருந்தாலும் நேரில் போய் வாங்கினால்தான் அளவு சரியாக இருக்கும் என்பார். போல்ட்டு வந்துவிடும், அவர் வரமாட்டார். கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பியிருப்பார்.

அவர் குடித்துவிட்டுக் கை நீட்டுகிறவர் அல்ல. தெருவில் நின்று சத்தம் போடுகிறவரும் அல்ல. இருக்க வேண்டிய இடத்தில் இருக்கமாட்டார், அதுதான். எங்கள் மகளுக்குக் காது குத்திய அன்று ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார், என் தம்பி குழந்தையை மடியில் வைத்திருக்கிறான், சொந்தக்காரர்கள் சுற்றி நிற்கிறார்கள், குழந்தையின் அப்பாவைக் காணோம். வாசலைப் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் கழுத்து வலித்துவிட்டது. கடைசியில் அவருடைய அக்காதான், "அவன் வந்தா வரட்டும். கொழந்தைக்குப் பசி நேரம், நீங்க குத்துங்க" என்றார். குழந்தை அழுதாள். நானும் அழுதேன். பெண்ணின் வலியைப் பார்த்து அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், நல்லவேளை.

அந்த அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கணவர் இறந்த பிறகு ஓசூர் சந்தைக்குப் பக்கத்தில் பலகாரக் கடை வைத்து நடத்திக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சண்டை போடத் தெரியும். தம்பிமேல் உயிர். அவரைத் திருத்துவதற்காக அண்ணி பார்க்காத வைத்தியம் இல்லை. கோயிலில் கயிறு கட்டினார், மருந்து வைக்கிற ஒருவரிடம் கூட்டிப்போனார், சாமி படத்தின்மேல் சத்தியம் வாங்கினார். என் கணவர் கயிற்றையும் கட்டிக்கொண்டு, மருந்தையும் குடித்துவிட்டு, சத்தியமும் செய்துவிட்டு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கக் கிளம்பிவிடுவார்.

ஒரு நாள் ஷெட்டில் அவர் கை நடுங்கி, தூக்கிப் பிடித்திருந்த பானெட் விரல்மேல் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸம்மா கிறிஸ்தவர், மத்திகிரிப் பக்கத்துக்காரர். கட்டு மாற்றப் போனபோதெல்லாம் அவர் என் கணவரின் விரலைப் பார்ப்பதைவிட என் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எங்க சொந்தக்காரர் ஒருத்தர் சொன்னாரும்மா. பெங்களூர் கன்டோன்மென்ட்ல ஒரு சர்ச்சுக்குப் பின்னால சனிக்கெழம மத்தியானம் கொஞ்சம் பேரு கூடுறாங்களாம். எல்லாம் பெருங்குடிகாரங்களா இருந்தவங்க. இப்ப யாரும் தொடறதில்லையாம்."

"என்ன மருந்து குடுக்கறாங்க?"

"மருந்தெல்லாம் இல்லம்மா. உக்காந்து பேசுறாங்க, டீ குடிக்கறாங்க. அவ்ளோதான்."

"எந்த சர்ச்சுங்க?"

நர்ஸம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். "அதக் கேக்காம வுட்டுட்டேனே."

பேசினால் குடி போகும் என்பதை நான் நம்பவில்லை. நாங்கள் பேசாத பேச்சா? அண்ணியிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அண்ணி சிரிக்கவில்லை. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, "சனிக்கெழம கடைய மூடிடலாம். நீயும் வா, ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வந்துரலாம்" என்றார்.

"அவர் வரமாட்டாரே அண்ணி."

"அவனக் கூப்புட்டது யாரு? மொதல்ல நாம பாக்கலாம். மாடு வாங்கறதுக்கு மாட்டயா கூட்டிக்கினு போறோம்?"

அப்படித்தான் குடியை விடுகிறவர்களின் கூட்டத்துக்குக் குடிக்காத இரண்டு பெண்கள் கிளம்பினோம். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டேன். அவரிடம் ஜவுளி எடுக்கப் போகிறோம் என்றேன். அவர் கட்டுப்போட்ட விரலைத் தூக்கி வழியனுப்பினார்.

கன்டோன்மென்ட்டில் இறங்கிய பிறகுதான் அங்கே எத்தனை சர்ச் இருக்கிறது என்று தெரிந்தது. முதல் சர்ச்சில் ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. இரண்டாவதின் கதவு பூட்டியிருந்தது. வெயிலில் நடந்து நடந்து அண்ணிக்கு மூச்சு வாங்கியது. சாலையோரம் நின்ற ஒரு ஜட்காக்காரரிடம் போய்க் கன்னடத்தில், "குடுகரு சேரோ ஜாக எல்லி?" என்று கேட்டார். குடிகாரர்கள் சேருகிற இடம் எங்கே என்றுதான் கேட்டார். வேறு எப்படிக் கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஜட்காக்காரர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, "கூத்கொள்ளி அம்மா" என்று வண்டியில் உட்காரச் சொன்னார். இரண்டு தெரு சுற்றி, ஒரு சந்துக்குள் திரும்பி, வண்டியை நிறுத்தினார். எதிரே சாராயக் கடை.

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். கடைக்குள்ளிருந்தவர்கள் எல்லாம், எவனுடைய பெண்டாட்டி வந்திருக்கிறாளோ என்று எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருவர் பின்பக்கம் போயே போய்விட்டார். அண்ணி அசரவில்லை. வண்டியிலிருந்து இறங்கி நேராகக் கல்லாவில் இருந்தவரிடம் போனார்.

"ஏனுங்க, குடிய வுட்டவங்க கூடுற எடம் ஒண்ணு இருக்குதாமே. ஒங்களுக்குத் தெரியுங்களா?"

கல்லாக்காரர் தமிழர்தான். நெற்றி நிறைய விபூதி. சலித்துக்கொண்டார்.

"தெரியாம இன்னாம்மா? என் கடையில நல்லா குடிச்சிக்கினு இருந்தவங்கதானே அத்தினி பேரும் அங்க போய் ஒக்காந்துக்கினு கீறாங்க. இந்தச் சந்து முடிஞ்சதும் சோத்தாங்கைப் பக்கம் திரும்பு. மஞ்சக் கலரு சர்ச்சு. பின்னால கெணத்தாண்ட ஒரு ஓட்டு ரூம்பு." நாங்கள் திரும்பியதும் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "ஊதுகொழல் மாஸ்டர் அங்க இருப்பாரு. நான் கேட்டேன்னு சொல்லு."

ஓட்டு அறைக்குள் பெஞ்சுகள், ஒரு மேசை, ஆவி பறக்கும் டீக் கெட்டில். பத்துப் பதினைந்து ஆண்கள் இருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் நடுவில் உட்கார்ந்திருந்த மெலிந்த மனிதர் எழுந்து வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய நரைமுடி. பேண்டு வாத்தியக் கோஷ்டியில் கிளாரினெட் வாசிக்கிறவர் என்று பிறகு தெரிந்தது. அவரைத்தான் எல்லோரும் மாஸ்டர் என்றார்கள்.

"உங்கள்ல யாரும்மா குடிக்கறது?" என்றார்.

அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்களப் பாத்தா அப்பிடியா தெரியுது? குடிக்கறவன் எந்தம்பி. வூட்ல இருக்கறான்."

"அப்ப அவரு வரணுமேம்மா."

"வரமாட்டான்."

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "சரி, வந்தது வந்துட்டீங்க. டீ குடிங்க. கேட்டுட்டுப் போங்க. ஆனா ஒண்ணு. அவரைக் கட்டி இழுத்துட்டு வராதீங்க. நாங்க யாரும் கட்டி இழுத்து வந்தவங்க இல்ல."

நாங்கள் கதவோரம் உட்கார்ந்தோம். அங்கே யாரும் உபதேசம் செய்யவில்லை. ஒவ்வொருவரும் தன் கதையைத்தான் சொன்னார்கள். சிலர் இங்கிலீஷில் சொன்னது எங்களுக்குப் புரியவில்லை. மாஸ்டர் தமிழில் சொன்னார். ஒரு பெரிய வீட்டுக் கல்யாண ஊர்வலத்துக்கு வாசிக்கப் போனாராம். ஊர்வலம் முடிகிறவரை தாங்காது என்று, பெரிய டிரம்முக்குப் பக்கவாட்டில் இருந்த கிழிசல் வழியாக ஒரு பாட்டிலை உள்ளே விட்டு, துணி வைத்து அடைத்துவிட்டார். டிரம் அடிக்கிறவனுக்கே தெரியாது. பெண் வீடு நெருங்க நெருங்க அவன் உற்சாகமாக ஓங்கி ஓங்கி அடிக்கிறான். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி டிரம்முக்கு முன்னால் வந்து நிற்கிறார். உள்ளே சளக் என்று ஒரு சத்தம்.

அறையில் எல்லோரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். குடியைப் பற்றிய ஒரு பேச்சுக்கு நாங்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சில் என்னவோ இளகினமாதிரி இருந்தது. ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அரை மனதோடு எழுந்து ஓடினோம். கல்லாக்காரர் கேட்டதாக மாஸ்டரிடம் சொல்ல மறந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் சோறு போடும்போது என் கணவரிடம் எங்கே போனோம் என்பதைச் சொல்லிவிட்டேன். முகம் சுண்டிவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் நிறுத்தாமல் டிரம் கதையைச் சொன்னேன். பாட்டிலை உள்ளே விட்ட இடத்தில் அவர் கை நின்றது. மாப்பிள்ளை வந்து நின்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்புறம்?"

"தெரியாதுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு, வந்துட்டோம்."

"என்னா தெரியாது? பாட்டிலு ஒடஞ்சிச்சா இல்லயா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

அந்த வாரம் முழுவதும் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். குளிக்கும்போது உள்ளிருந்து குரல் கொடுப்பார். "டிரம்முக்குள்ள துணி வெச்சிருந்தானில்ல, அதனால ஒடஞ்சிருக்காது." சாயங்காலம் வந்து, "ஒடஞ்சிருந்தா வாசம் வந்திருக்குமே" என்பார். அவர் மெக்கானிக். எந்தப் பொருள் எங்கே எப்படி உடையும் என்பது தெரியாமல் அவருக்குத் தூக்கம் வராது. அண்ணி கடையில் போய்க் கேட்டிருக்கிறார். அண்ணி, "எனக்கும் அதே ரோசனையாத்தான் இருக்குது. நீ வேணா போயி கேட்டுக்கினு வா, எனக்கும் சொல்லு" என்று மட்டும் சொல்லி வடையைத் திருப்பிப் போட்டாராம்.

சனிக்கிழமை அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் எங்கே என்று கேட்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நன்றாகக் குடித்திருந்தார். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

"ஒடஞ்சிருச்சு! மாப்பிள்ளயோட ஷூ மேலயே ஊத்திருச்சாம். மாப்பிள்ளயோட தாத்தா குனிஞ்சு மோந்து பாத்துட்டு, பன்னீர் அசல் சரக்குன்னு சொன்னாராம்!"

நான் சிரிக்கவில்லை. உள்ளே போய் அடுப்பைப் பார்த்தேன். அவர் பின்னாலேயே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. "அந்த டிரம்முக்காரனுக்குத்தான் வேல போச்சாம்" என்றார். "மாஸ்டர் வாயே தொறக்கலயாம். ரொம்ப நாளு கழிச்சு அவனத் தேடிக்கினு போயி கால்ல வுழுந்தாராம். இப்ப ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில ஒக்காந்திருக்கறாங்க." பிறகு தானாகவே, "நான் நல்லாத்தான் வந்தேன். அத்திப்பள்ளியில டிரைவரு டீ குடிக்க வண்டிய நிறுத்திட்டான்" என்றார்.

அண்ணிக்கு விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை தம்பியை அவரே கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் அவரை ஜன்னல் ஓரம் உட்காரவைத்துத் தான் இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார். அத்திப்பள்ளியில் வண்டி நின்றபோது என் கணவர் எழுந்திருக்கப் பார்த்திருக்கிறார். அண்ணி அசையவில்லை. அண்ணி அசையாவிட்டால் அந்த சீட்டிலிருந்து யாரும் வெளியே வரமுடியாது. "அக்கா, காத்து வாங்கிட்டு வரேன்" என்றதற்கு, "ஜன்னல் ஒன் பக்கந்தானே இருக்குது, வாங்கிக்கோ" என்றாராம்.

மாஸ்டரிடம் அண்ணி எல்லாவற்றையும் முறையிட்டார். "கூட்டத்துக்கு வந்துட்டுக் குடிச்சிட்டுப் போனவன் ஒலகத்துல இவன் ஒருத்தனாத்தான் இருப்பான்." அறையே சிரித்ததாம். மாஸ்டர், "இங்க யாரைக் கேட்டாலும் அதே கதைதாம்மா" என்றார். பிறகு பஸ் எங்கெங்கே நிற்கிறது என்று விசாரித்தார். "வர்ற வழியிலயும் கடை, போற வழியிலயும் கடை. இவரு இங்க வர்றதவிட நாங்க அங்க வர்றது மேல். உங்க ஊர்ல கடையே இல்லியே, எவ்ளோ சௌகரியம்!"

அந்தச் சௌகரியத்தில்தான் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பக்கம் குடித்தேன் என்று சொன்னாலே கேஸ். நான் குடிகாரன் என்று நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல ஒரு கூட்டம் போட்டால் யார் வருவார்கள்? அண்ணி, "பஜனன்னு சொல்லிக்கலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்கு லீவு. கடையின் கதவுப் பலகைகளைப் பாதி போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்வது என்று முடிவாயிற்று.

முதல் ஞாயிறு மாஸ்டர் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஷெட்டிலிருந்து ஒரு கண்டக்டர் வந்தார். நர்ஸம்மா சொல்லி, பேரிகை என்கிற கிராமத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். சட்டைக்கு மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு, மூலையில் மாவு மூட்டைக்கு மறைவாக உட்கார்ந்தார். நானும் அண்ணியும் டீயும் மசால் வடையும் கொடுத்தோம். மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கப் போனார். அப்போது பலகைக்கு வெளியே சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்டது. குனிந்து உள்ளே வந்தவர் எங்கள் ஊர் போலீஸ்காரர்.

சந்தையில் சைக்கிளில் சுற்றுகிறவர்தான். பேரிகைக்காரர் துண்டைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டார்.

"லீவு நாள்ல என்னாம்மா கூட்டம்?"

"பஜனைங்க" என்றார் அண்ணி.

"பஜனையா? பாட்டுச் சத்தமே காணோம்?"

"இப்பத்தாங்க ஆரம்பிக்கறோம்."

"ஆரம்பிங்க, கேப்போம்" என்று போலீஸ்காரர் பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார்.

ஒருவருக்கும் ஒரு பாட்டும் முழுசாகத் தெரியாது. அண்ணி ஒரு நாமாவளியைப் பாட எடுத்தார். பாதியில் சுருதி அவரைவிட்டு எங்கோ போய்விட்டது. மாஸ்டருக்குத் தெரிந்ததெல்லாம் சர்ச் பாட்டும் அணிவகுப்புப் பாட்டும். என் கணவர் தாளம் போடுவதாக நினைத்துக்கொண்டு டம்ளரைத் தட்டினார். போலீஸ்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தாங்கமுடியாமல், "நிறுத்துங்க, நிறுத்துங்க. இது என்னா தாளம்?" என்று கையைத் தட்டித் தானே பாட ஆரம்பித்துவிட்டார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடினார். நாங்கள் கூடவே பாடினோம். பேரிகைக்காரர்கூடத் துண்டுக்குள்ளிருந்து பாடினார்.

பாட்டு முடிந்து அண்ணி அவருக்கு வடை கொடுத்தபோது மாஸ்டர் எழுந்தார். அவருக்கு முகமே சரியில்லை.

"சார், மன்னிக்கணும். இது பஜனை இல்ல. எங்க கூட்டத்துல பொய் சொல்லக் கூடாதுன்னு வெச்சிருக்கோம். ஆரம்பமே பொய்யா இருந்தா அப்புறம் நடக்காது. நாங்க எல்லாம் குடிகாரங்க. குடிய வுடறதுக்காக உக்காந்து பேசுறோம்."

அண்ணி வடைத் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். போலீஸ்காரர் வாயிலிருந்த வடையை மென்று முடித்தார்.

"நீங்க எங்க குடிச்சீங்க?"

"பெங்களூர்ல சார்."

"அது மைசூர் சீம. நமக்குச் சம்பந்தமில்ல." என் கணவர் பக்கம் திரும்பினார். "நீ?"

"அத்திப்பள்ளியிலங்க."

"அதுவும் மைசூர் சீம." கண்டக்டரும் அதே அத்திப்பள்ளிதான். பிறகு போலீஸ்காரர் மூலையைப் பார்த்தார். பேரிகைக்காரர் மெல்லத் துண்டை விலக்கினார். அவர் எங்கேயும் போனதில்லை. சொந்தக் கொல்லையில் புளியமரத்துக்குப் பின்னால் பானை வைத்துக் காய்ச்சியவர் என்று ஊருக்கே தெரியும், போலீஸ்காரருக்கும் தெரியும். தெலுங்கில் என்னவோ முனகினார்.

"என்னா சொல்றாரு?" என்றார் போலீஸ்காரர், தெலுங்கு நன்றாகத் தெரிந்தவர்.

அண்ணி கொஞ்சமும் யோசிக்காமல், "அவரும் மைசூர் சீமைலதானாங்க" என்றார்.

"அப்ப சரி" என்று போலீஸ்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டார். "எல்லாரும் அந்தப் பக்கமே குடிச்சிருந்தா இந்தப் பக்கம் உக்காந்து பேசறதுல தப்பே இல்ல. ஆனா அந்தப் பஜனைய வுட்டுடாதீங்க. அடுத்த வாரம் நான் ஜால்ரா கொண்டாரேன்."

அப்படியே ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. ஞாயிறு மத்தியானம் முதலில் பஜனை, பிறகு பேச்சு. கதை சொல்லுகிற ஒவ்வொருவரும் "மைசூர் சீமையிலே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பேரிகைக்காரர், "மைசூர் சீமையிலே, எங்க கொல்லையில, புளியமரத்துக்குப் பின்னால" என்பார். அவர் தெலுங்கில் ஒரு வரி சொன்னால் அண்ணி தமிழில் பத்து வரி சொல்வார். பானை, அடுப்பு, அவருடைய மனைவி பானையை உடைத்த விதம் எல்லாம் வரும். பேரிகைக்காரர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார். பானையைத் தானே கடப்பாரையால் உடைத்ததை அவர் சொன்ன அன்று மட்டும் அண்ணிக்குப் பேச்சு வரவில்லை. போலீஸ்காரர்தான் மொழிபெயர்த்தார்.

ஆட்கள் சேர்ந்தார்கள். சிலர் வந்து நின்றுபோனார்கள், மறுபடி வந்தார்கள். கொஞ்ச நாள் கழித்துப் போலீஸ்காரர் கல்லாவி என்கிற ஊரிலிருந்து தன் அண்ணனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். "எங்கண்ணங்க. இவரும் மைசூர் சீமதான்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அண்ணி அவருக்கு முதலில் டீ கொடுத்தார்.

என் கணவர் மட்டும் பேசவே இல்லை. ஞாயிறு தவறாமல் வருவார், பெஞ்சு போடுவார், டம்ளர் கழுவுவார், எல்லோர் கதைக்கும் சிரிப்பார். நடுவில் ஒரு முறை வழுக்கினார். மறு வாரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, யாரும் கேட்காமலே டம்ளர் கழுவினார். மாஸ்டர் அவரை ஒரு நாளும் பேசச் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்காது. ஒரு வார்த்தை பேசினால் என்ன என்று நினைப்பேன்.

மழை பெய்த ஒரு மத்தியானம். கூட்டம் குறைவு. கழுவின டம்ளரைக் கவிழ்த்துவிட்டு அவர் தானாகவே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"மைசூர் சீமையிலே" என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். "இல்ல. எம் மக காதுகுத்து அன்னிக்கு நான் மைசூர் சீமைக்குப் போகல. இங்கதான் இருந்தேன். ஷெட்டுக்குப் பின்னால ஒரு ஒடஞ்ச பஸ்ஸு நிக்குது. அதுல ஒக்காந்திருந்தேன். காலைல தெளிவாத்தான் இருந்தேன். புதுச் சட்டைகூடப் போட்டிருந்தேன். எங்க சொந்தக்காரங்க எல்லாம் என்னயே பாப்பாங்க, கை நடுங்கறதப் பாப்பாங்கன்னு இருந்துச்சு. கொஞ்சம் நடுக்கம் நின்னதும் போலாம்னு ஒரு வாய் குடிச்சேன். அப்புறம் போகவே முடியல. எங்க வூட்டுப் பக்கம் மேளச் சத்தம் கேட்டுக்கினே இருந்துச்சு."

நான் அடுப்புப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அன்று அவர் எல்லைக்கு அந்தப் பக்கம் எங்கோ எங்களை மறந்து கிடந்தார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கூப்பிடு தூரத்தில் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அழுகை வந்தது. ஆனால் காதுகுத்தன்று வந்த அழுகை இல்லை அது.

ஒவ்வொருவராகப் போலீஸ்காரரைப் பார்த்தார்கள். குடித்த இடம் ஓசூர். அவர் ஜால்ராவை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்து யோசித்தார்.

"அந்த ஒடஞ்ச பஸ்ஸு எந்த ஊரு நம்பர்?"

"மைசூர் நம்பருங்க" என்றார் என் கணவர்.

"அப்ப அதுக்குள்ள இருக்கற எடம் மைசூர் சீமதான்."

முதலில் சிரித்தது பேரிகைக்காரர். பிறகு மழைச் சத்தத்தையும் மீறி எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை. ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சில சாயங்காலங்களில் காரணமில்லாமல் எரிந்து விழுவார், பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு கண்டக்டர் வீட்டுக்குப் போவார். இருவரும் வாசலில் உட்கார்ந்து எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க ஷெட்டில் வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டார். அந்த ஆள் வாங்கி வந்த போல்ட்டு ஒன்றுகூட அளவு சரியில்லை என்று திட்டுவார். நேரில் போய் வாங்குவதில் உண்மையாகவே விஷயம் இருந்தது போலிருக்கிறது.

பேரிகைக்காரர் தன் மகள் கல்யாணத்துக்கு எங்கள் எல்லோரையும் அழைத்தார். காலையிலேயே பந்தலுக்குப் போய்விட்டோம். மாஸ்டர் கிளாரினெட்டோடு வந்திருந்தார். பெண்ணின் அப்பா எங்களையெல்லாம் முன்வரிசையில் உட்காரவைத்துச் சந்தனம் பூசி அமர்க்களப்படுத்தினார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு இது புதிராக இருந்தது. கிறிஸ்தவர் ஒருவர், போலீஸ்காரர், கண்டக்டர், மெக்கானிக், சந்தைப் பலகாரக் கடைக்காரம்மா. ஒருவர் ஜாதி ஒருவருக்கில்லை, ஒருவர் பாஷை ஒருவருக்கில்லை. என் கணவரிடம் வந்து உட்கார்ந்து, "பொண்ணோட அப்பாவுக்கு நீங்கல்லாம் என்ன வேணுமுங்க?" என்று கேட்டார்.

என் கணவர் தயங்கவில்லை. "முன்னால எல்லாரும் ஒரே தொழில்ல இருந்தமுங்க. இப்ப வுட்டுட்டோம்."

"ஏன், நஷ்டமா?"

"பெரிய நஷ்டமுங்க" என்றார் அவர், முகத்தை மிகவும் கவலையாக வைத்துக்கொண்டு. பெரியவர் அனுதாபத்தோடு தலையாட்டினார். என் பக்கத்தில் அண்ணி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார்.

தாலி கட்டுகிற நேரத்தில் மாஸ்டர் வாசித்தார். பந்திக்கு ஆள் போதவில்லை என்றதும் என் கணவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினார். எங்கள் மகள் உட்கார்ந்திருந்த வரிசைக்கு வந்தபோது அவள், "அப்பா, எனக்கு உருளக்கெழங்கு மட்டும்" என்று இலையைக் கையால் மூடிக்கொண்டாள். அவர் குனிந்து வாளிக்குள் உருளைக்கிழங்கைத் தேடினார். கரண்டியைப் பிடித்திருந்த கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுக்கமே இல்லை. தேடித் தேடி எடுத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் அவள் இலையில் வைத்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.